சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போன பாட்டு

வருடத்தில் முதல் முறையாக ஹீட்டரைப் போடுகிற நாளில் வீடு முழுக்க ஒரு வாசனை வரும். கோடை முழுவதும் குழாய்க்குள் படிந்து கிடந்த தூசி சூடேறி வேகிற வாசனை. கால் மணி நேரம்கூட நிற்காது. இந்த டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் குளிர் சொல்லாமல்தான் வரும். நேற்று மதியம் வரை ஏ.சி. ஓடியது, இன்று காலையில் காது மடல் விறைத்துவிட்டது. ஹீட்டரைப் போட்டேன். மாடியிலிருந்து என் மகள் கத்தினாள்.

"அப்பா! சம்திங் இஸ் பர்னிங்!"

"ஒண்ணும் எரியலம்மா, தூசிதான். இப்பப் போயிடும்."

"இட்ஸ் சோ க்ராஸ்," என்று சொல்லிவிட்டு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கீழே, சூடான காற்று வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்திருப்பாள். நர்ஸைக் கட்டிக்கொண்டால் இது ஒரு தொந்தரவு.

மற்றவர்களுக்கு அது தூசி நாற்றம். எனக்கு ஆம்ப்ளிஃபயர் வாசனை.

பிளஸ் டூவில் தவறிய பிறகு சாத்தூரில் ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்திலேயே பழசாகிப்போன வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று அங்கே இருந்தது. சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவக்கும். அவற்றின் மேல் கிடக்கும் தூசி பொசுங்கும். கல்யாண வீட்டார் அவசரப்பட்டால் எங்கள் முதலாளி அசர மாட்டார். "தூசி வேகட்டும்யா. வெந்தாத்தான் பாட்டு வரும்" என்பார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, இழவு எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாத எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு ஒரே காரணம்தான். ஊர் முழுக்கக் கேட்கிற சத்தத்துக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ளலாம்.

ஆனால் இன்று தரையில் உட்கார்ந்தபோது எனக்கு சாத்தூர் ஞாபகம் வரவில்லை. லிவர்மோர்தான் வந்தது.

கலிஃபோர்னியாவில், மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர் லிவர்மோர். சிவனும் விஷ்ணுவும் ஒரே கோயிலில் இருக்கிறார்களே, அந்த ஊர் என்றால் நம் ஆட்களுக்கு உடனே தெரியும். என் அக்கா அங்கே இருந்தாள். அவள் எனக்காகப் போட்ட கிரீன் கார்டு மனு நகர்ந்து நகர்ந்து, நான் வந்து இறங்கியபோது என் முன்னந்தலையில் பாதி முடி போயிருந்தது. விமான நிலையத்தில் அக்கா முதலில் சொன்னது, "என்னடா இது, அப்பா மாதிரி வந்து நிக்கிறே?"

அத்தான் அந்த ஊர் அணு ஆராய்ச்சி லேபில் வேலை பார்த்தார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்பார். அதற்கு மேல் கேட்கக் கூடாது. அவருக்குத் தெரிந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் ஊருக்கு வெளியே, ரயில் பாதை ஓரமாக, ஒரு ஸ்டோரேஜ் வைத்திருந்தார். வீட்டில் வைக்க இடமும் இல்லாத, தூக்கிப் போட மனமும் இல்லாத சாமான்களை மாத வாடகைக்கு வைத்துவிட்டுப் போகிற இடம். வரிசை வரிசையாக இரும்பு ஷட்டர்கள், நடுவே சரளைக்கல் பாதை. முன்னால் ஒரு சின்ன ஆபீஸ். அதற்குள் நான்.

நல்ல வேலைதான். ஆனால் வாடகைக்காரர்கள் கேட்டில் தங்கள் எண்ணை அழுத்துவார்கள், கேட் நகரும், உள்ளே போவார்கள், வருவார்கள். மனிதர்கள் என்னிடம் பேசாமலே வந்து போகும்படியாகத்தான் அந்த இடத்தையே கட்டியிருந்தார்கள். எண்ணை மறந்தவர்கள் மட்டும் மணி அடிப்பார்கள். காற்று வேறு. மலைக் கணவாய் வழியாக ஓயாமல் வீசும். சில நாட்கள் மாலையில் வீட்டுக்குப் போய் "அக்கா" என்று கூப்பிடும்போது என் குரல் எனக்கே புதிதாக இருக்கும். காலையிலிருந்து அதுதான் முதல் வார்த்தை.

அப்படி ஒரு இலையுதிர் காலத்தில்தான் ரே வந்தார். நரைத்த தாடி, அழுக்குத் தொப்பி, பின்பக்கம் திறந்த பழைய ட்ரக்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்குள் அது தமிழாகத்தான் இறங்கியது, இத்தனை வருடம் தமிழாகவேதான் தங்கியிருக்கிறது. அதனால் ரே சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆள் மாதிரி பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கரண்ட் உள்ள ரூம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

கடைசி வரிசையில் ஒன்று இருந்தது. முன்பு ஒரு பெயிண்டர் பட்டறையாக வைத்திருந்த பெரிய அறை.

"நாங்க ஒரு பேண்டு. என் தம்பியும் நானும் சேர்ந்து பாடுவோம். பாதி ஆல்பம் பண்ணியிருந்தோம், தம்பி செத்துட்டான். மீதியை முடிக்கணும். சத்தம் வரும். பரவால்லியா?"

கடைக்குப் போய் ரொட்டி வாங்கணும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். நான் முதலாளிக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். "ஜனவரியோட இடத்த வித்துடப் போறேன். அதுவரைக்கும் என்ன வேணா பண்ணட்டும்" என்றார். எனக்கு வேலை போகப்போகிறது என்கிற செய்தி அப்படித்தான் வந்து சேர்ந்தது.

மறுநாள் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ரே கிதார். லின் என்ற பெண் டிரம்ஸ், என் அக்கா வயது, பெரிய சிரிப்பு. டேவ் மெலிந்த மனிதர். மடியில் படுக்கவைத்து, இரும்புக் கட்டையால் தேய்த்து வாசிக்கிற கிதார் அவருடையது, ரெக்கார்டிங்கும் அவர்தான். அவர்கள் பாட்டுக்கு அமெரிக்கானா என்று பெயர் என லின் சொன்னாள். ராக் கொஞ்சம், கிராமத்துப் பாட்டு கொஞ்சம், சர்ச் பாட்டு கொஞ்சம். "ஊரை விட்டுப் போனவன், பொண்ணை விட்டுப் போனவன், ரயிலை விட்டவன், இவங்களப் பத்தித்தான் எல்லாப் பாட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். அப்படியென்றால் என்னைப் பற்றியும் ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

டேவ் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டார். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்தன. தூசி வெந்தது. எங்கள் கடை வாசனை, பூமியின் அந்தக் கோடியில், ஒரு இரும்பு ஷட்டருக்குள். நான் வாசலில் நின்றபடியே நின்றேன். ஏதாவது வேண்டுமா என்று லின் கேட்டதற்கு, "வாசனை" என்று மட்டும் சொன்னேன். பாவம், அவள் தன் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

அறைக்கு நடுவில் ஒரே ஒரு மைக். ரேயும் தம்பி டேனியும் சிறுவயதிலிருந்து அப்படித்தான் பாடுவார்களாம். ஆளுக்கு ஒரு மைக் கிடையாது. ஒரே மைக்கின் இரண்டு பக்கமும் முகத்துக்கு முகம் நின்று, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாடுவார்கள். மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்பதுகூட அப்படித்தான் தெரியுமாம். டேனி இறந்த பிறகும் ரே மைக்குக்கு நேராக வந்து நிற்கவில்லை. தன் பாதியில்தான் நின்றார். எதிர்ப் பக்கம் காலியாக இருந்தது.

எனக்கு அது சாவு வீடாகத்தான் தெரிந்தது. டேனி இறந்தது வசந்த காலத்தில், மாதக்கணக்கு ஆகிவிட்டது. ஆனாலும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? நம் பக்கத்தில் சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கே அவர்களுக்கு அக்கம்பக்கம் என்று இருந்தது நான் ஒருவன்தான். அக்காவிடம் சொன்னேன்.

"எலுமிச்சம் சாதமா? வெள்ளைக்காரனுக்கா? டேய், மொளகா கடிச்சு செத்துகித்து வெச்சான்னா உன்னைத்தான் புடிப்பாங்க."

"மொளகாய எடுத்துட்டுக் குடுக்கா."

"நாட்டுல உள்ளவன் எல்லாம் ஃப்ரெண்டு புடிச்சு பார்ட்டிக்குப் போறான். நீ ஃப்ரெண்டு புடிச்சு எழவுக்குப் போறே."

திட்டிக்கொண்டேதான் செய்து கொடுத்தாள். எவர்சில்வர் தூக்கு நிறைய, பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கும். மாலையில் என் வேலை முடிந்ததும் தூக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போவேன். ஷட்டருக்குள் வைப்பேன். வாசலோரம் நின்று ஒன்றிரண்டு பாட்டுக் கேட்பேன். பிறகு, சாவு வீட்டில் எப்படிச் செய்வோமோ அப்படியே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவேன். மறுநாள் காலையில் கழுவின தூக்கு ஆபீஸ் படியில் இருக்கும். தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் பல நாள் இது நடந்தது.

அவர்கள் வேலை செய்கிற விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். தனித்தனியாக எடுத்து ஒட்டுவது கிடையாது. யாராவது ஒருவர் தும்மினாலும் மறுபடி முதலிலிருந்து. சரக்கு ரயில் வந்தால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அது போகும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ரயிலை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வாடகைக்காரர்கள் வண்டியோடு சரளையில் வந்தால்? அதற்கு லின் ஒரு வழி கண்டுபிடித்தாள். ரெக்கார்டிங் ஓடும்போது ஷட்டர் கைப்பிடியில் தன்னுடைய சிவப்புச் சட்டை ஒன்றைத் தொங்கவிடுவாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரியும். சிவப்பு தெரிந்தால் நான் கேட் மோட்டாரை அணைத்துவிட்டு, வந்தவரை ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் பேசி நிறுத்தி வைக்க வேண்டும்.

யார்? நான். அக்கா வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கராஜில் போய் நிற்கிற நான்.

"காற்று அதிகம்" என்று ஆரம்பிப்பேன். ஆமாம் என்பார்கள். "நேற்றும் அதிகம்" என்பேன். ஆமாம் என்பார்கள். அதோடு என் சரக்கு தீர்ந்துவிடும். ஜன்னலைப் பார்த்தால் சிவப்பு அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் அவர்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்? அம்மாவின் பியானோ. விவாகரத்துக்கு முந்தைய கட்டில். மகன் ராணுவத்திலிருந்து வந்ததும் எடுத்துக்கொள்வான் என்று வைத்திருக்கும் சைக்கிள். ஒருவரும் அவசரப்படவில்லை. கேட்பார் இல்லாமல்தான் இருந்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் நான் பேசிய அளவு ஆங்கிலத்தை அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

ஒரு தடவை என்னை உள்ளேயே கூப்பிட்டார்கள். ஊரில் மைக் செட் வேலை பார்த்தவன் என்று லின்னிடம் உளறி வைத்திருந்தேன். "நீயும் நம்ம ஆளாமே. வந்து அந்தப் பக்கம் நின்னு ரெண்டு வார்த்தை பேசு, அளவு பாக்கணும்" என்றார் டேவ். காலியாக இருந்த பக்கம். தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். மைக் முன்னால் நிறுத்தினால் மைக் செட்காரன் முதலில் என்ன செய்வான்? உங்களுக்கே தெரியும். மைக்கின் தலையில் இரண்டு தட்டு, பிறகு பலமாக ஒரு ஊது. நான் கன்னத்தை உப்பிவிட்டேன்.

"ஊதாதே!" மூன்று பேரும் ஒன்றாக அலறினார்கள்.

உப்பின கன்னத்தோடு அப்படியே நின்றேன். அந்த மாதிரி மைக்குக்குள் சிகரெட் தாளைவிட மெல்லிசாக ஒரு ரிப்பன் இருக்குமாம். ஒரு ஊதில் போய்விடுமாம். காற்றை எங்கே விடுவது என்று தெரியாமல் நான் முழித்ததைப் பார்த்து லின் டிரம்ஸ் மேலேயே சாய்ந்து சிரித்தாள். ரே சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேனியும் ஒரு தடவ இதையே பண்ணான். அப்பாகிட்ட அடி வாங்கினான்" என்றார்.

ஜனவரி வந்தது. ஒரு பாட்டைத் தவிர மற்ற எல்லாம் முடிந்துவிட்டன. அந்த ஒன்றுதான் நகரவில்லை. அது இரண்டு பேருக்காக எழுதின பாட்டு. அண்ணன் ஒரு வரி, தம்பி ஒரு வரி. ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார், மற்றவர் வாசலில் நிற்கிறார், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து போய்வா, போய்வா என்று திரும்பத் திரும்பப் பாடி முடிப்பார்கள். ரே தன் வரியைப் பாடுவார். டேனியின் வரி வரவேண்டிய இடம் வரும். ரே எதிர்ப் பக்கம் பார்ப்பார். நின்றுவிடுவார். அழுவதெல்லாம் இல்லை. "சாரி. இன்னொரு தடவ" என்பார். மறுபடி அதே இடம்.

தம்பி வரியையும் நீயே பாடு என்றார் டேவ். "அவன் இடத்துல நான் நிக்க மாட்டேன்." நான் பாடட்டுமா என்றாள் லின். அவர் கிதாருக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். டேனி முன்பு பாடிப் பார்த்த பழைய ஒலிநாடாவை டேவ் போட்டுக் காட்டினார். ஒரு வரி ஓடியதும் ரே ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போய் ட்ரக்கில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று டேவ் என் ஆபீஸ் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார். "இந்தப் பாட்டு இல்லேன்னா ஆல்பம் இல்ல. ஆல்பம் இல்லேன்னா நாங்க மூணு பேரும் இனிமே ஒரே ரூம்ல இருக்கறதுக்குக் காரணமே இல்ல" என்றார்.

தலையாட்டினேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஓடியது வேறு. பாட்டு முடிந்தால் இவர்கள் போய்விடுவார்கள். முடியாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் சாயங்காலம் தூக்கு எடுத்துக்கொண்டு போக எனக்கு ஒரு இடம் இருக்கும். முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன், இன்றைக்கு வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்வேன். சிவனும் விஷ்ணுவும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தது வசதியாகத்தான் இருந்தது, ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் தூக்கை வைத்துவிட்டுத் திரும்பியபோது லின் வழியை மறித்து நின்றுகொண்டாள்.

"இன்னிக்கு விட மாட்டேன். உனக்கு எங்க மேல என்ன கோபம்?"

"கோபமா?"

"சாப்பாடு கொண்டாந்து வெக்கிறே. நிக்கிறே. திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. ஒரு பை சொல்ல மாட்டியா? பேய் மாதிரி போறே. டேவ் உனக்குப் பேய்னுதான் பேர் வெச்சிருக்கான்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னேன். எங்கள் பாஷையில் வெறுமனே 'போறேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம். 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். சாவு நடந்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. சொன்னால், மறுபடியும் இதே மாதிரி ஒன்றுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால் எழுந்து போய்விடுவோம்.

ரே கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை வைத்துவிட்டு வந்தார்.

"ஒண்ணுமே சொல்லாமலா?"

"ஒண்ணுமே சொல்லாம. வீட்டுக்காரங்களும் சொல்ல மாட்டாங்க."

"தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

"சொன்னாத்தான் தப்பா நெனைப்பாங்க."

ரே மைக்கின் மறுபக்கத்தைப் பார்த்தார். "டேனியும் சொல்லல" என்றார். "நான் காபி வாங்கப் போயிருந்தேன். வந்து பாத்தா இல்ல. எட்டு மாசமா அவன் மேல எனக்கு அதுதான் கோபம்."

நான் மீதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேட்டில் மணி அடித்தது. விடாமல் அடித்தது. ஓடினேன். ஒரு அம்மாள் தன் எண்ணை மறந்துவிட்டு, வண்டிக் கூரைமேல் கட்டின மெத்தையோடு காற்றில் போராடிக்கொண்டிருந்தாள். மெத்தையை இறக்கி, மாதக் கடைசி வரைக்கும் இருக்கட்டும் என்று அவள் ஷட்டருக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் சிவப்புச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த சில நாட்கள் ஷட்டர் மூடியே இருந்தது. தூக்கை வெளியே வைத்துவிட்டு வந்தேன். மாதக் கடைசி நெருங்கி, மற்ற வாடகைக்காரர்கள் எல்லாம் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். பேசி நிறுத்துவதற்கு யாரும் இல்லை. அதனால் ஒருநாள் பிற்பகலில் சிவப்பு தெரிந்தபோது, வேறு வேலை இல்லாமல் தூக்கோடு போய் ஷட்டருக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பாட்டுதான். ரே தன் வரியைப் பாடினார். டேனியின் வரி வரவேண்டிய இடம் வந்தது. ரே பாடவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. டேவின் கிதாரும் லின்னின் டிரம்ஸும் தணிந்து, அந்த வரி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் காலியாகவே நடந்துபோயின. பிறகு ரே அடுத்த வரியைப் பாடினார். எதிரே நிற்பவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிற மாதிரி. பாட்டு முழுவதும் அப்படியே. கடைசியில் போய்வா, போய்வா என்று பாட வேண்டிய இடம் வந்தது. குரல் வரவில்லை. கிதாரைக் கீழே வைக்கிற சத்தம். இரண்டு மூன்று காலடி. ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. ரே வெளியே வந்தார். உள்ளே மற்ற இருவரும் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

சரளையில் நடந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். நான் இரண்டு கையாலும் தூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் தூக்கி வந்து இறக்கி வைத்த மனிதரின் முகம். பிறகு நடந்துபோய் ட்ரக்கில் ஏறிக்கொண்டார். உள்ளே டேவின் கிதார் பாதி இழுப்பில் நின்றது. லின் குச்சிகளைக் கீழே வைத்தாள். நான் தூக்கை வாசலில் வைத்துவிட்டு, வழக்கம்போல, எதுவும் சொல்லாமல் கிளம்பினேன்.

மறுநாள் காலையில் கடைசி வரிசை திறந்து கிடந்தது. பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். மைக் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை, சிவப்புச் சட்டை இல்லை. தூசி வாசனை மட்டும் கொஞ்சம் தங்கியிருந்தது. ஆபீஸ் படியில் தூக்கு, கழுவித் துடைத்து வைத்தது.

சாயங்காலம் வெறும் கையோடு வந்த என்னைப் பார்த்து அக்கா கேட்டாள், "என்னடா, உன் வெள்ளக்காரச் சொந்தக்காரங்க போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"சொல்லிட்டுப் போனாங்களா?"

"இல்லக்கா."

"இத்தன நாள் தின்னுட்டு ஒரு வார்த்த சொல்லலியா? என்ன மனுசங்கடா!"

"சொல்லாமப் போறதுதான் மரியாதைன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

அக்கா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை. "பதினாறு முடிஞ்சா சொல்லலாம்னு சொல்லலியா?" என்று கேட்டாள்.

அதுதான் நான் சொல்ல வாயெடுத்த மீதி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகு, வாசலில் நின்று 'போயிட்டு வரோம்' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அதோடு அந்த வீடு மறுபடி சாதாரண வீடாகிவிடும், மனிதர்கள் வரலாம் போகலாம். இந்தப் பாதியைச் சொல்லவிடாமல் ஒரு மெத்தை வந்து சேர்ந்தது. சொல்லியிருந்தால் லின் போகும்போது கண்டிப்பாக ஒரு பாட்டம் கத்திவிட்டுத்தான் போயிருப்பாள். ஆனால் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டு அப்படி முடிந்திருக்காதோ என்னவோ. இதில் எது நடந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

ரொம்ப நாள் கழித்து, லிவர்மோரில் பழைய இசைத்தட்டுகள் விற்கிற ஒரு கடையில் அந்த ஆல்பம் கிடைத்தது. அட்டையின் பின்னால் நன்றி சொல்லி நிறைய பெயர்கள் போட்டிருந்தார்கள். என் பெயர் இல்லை. தேடிப் பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? அவர்களுக்கு என் பெயர் சரியாகத் தெரியுமா என்பதே சந்தேகம். கடைசிப் பாட்டை அவர்கள் வெட்டவில்லை. கிதார் வைக்கிற சத்தம், ஷட்டர், சரளையில் காலடி எல்லாம் இருக்கிறது. காலடி கொஞ்ச தூரம் வந்ததும் நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் வாத்தியம் மட்டும் கேட்கும். பிறகு மறுபடி நடக்கும். கேட்கிறவர்கள் அங்கே என்ன நினைப்பார்களோ. அந்த இடத்தில் நிற்பது நான்.

ஸ்டோரேஜை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கிடங்கு, சுற்றிலும் தார் போட்ட தரை. சரளைக்கல் ஒன்றுகூட இல்லை. நான் கல்யாணம் செய்துகொண்டு, வேறு வேலைகள் பார்த்து, மனைவிக்கு இங்கே டெக்சாஸில் வேலை கிடைத்ததும் வந்துவிட்டேன். இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் முகப்பு கராஜ் கதவுதான். காலையில் மேலே போகும், கார் வெளியே வரும், கதவு கீழே இறங்கும். சாயங்காலம் மறுபடி ஒரு தடவை. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. இங்கே யார் வீட்டிலும் சாவு விழவில்லை.

மகள் பசிக்கிறது என்று கீழே இறங்கி வந்தபோது அந்தத் தட்டைப் போட்டிருந்தேன். கடைசிப் பாட்டு. முடிந்ததும் அவள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இட் ஜஸ்ட் ஸ்டாப்ஸ்?"

"ஆமாம்மா."

"வெயர் டிட் தே கோ?"

தெரியவில்லை என்றேன். ரே இப்போதும் பாடுகிறாரா, லின்னின் அந்தச் சிரிப்பு இருக்கிறதா, எதுவும் தெரியாது. 'போயிட்டு வரேன்' என்று அன்றைக்கு அவர்கள் சொல்லியிருந்தாலும், திரும்பி வந்து தட்டுவதற்கு அங்கே ஷட்டர் இல்லை. அவள் ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் ஹீட்டர் ஓட்டைக்குப் பக்கத்தில் போய் மறுபடி குனிந்து பார்த்தேன். தூசி எல்லாம் வெந்து முடிந்திருந்தது. வெறும் சூடான காற்றுதான் வந்துகொண்டிருந்தது.